புற்றுநோய் மருந்தும் நோயாளியின் வாயும்: சுவைமாற்றமும் வாய்ப்புண்ணும் பற்றிய ஒரு பாடம்

புற்றுநோய்க்கு மருந்து செலுத்திக்கொண்ட நோயாளி பெரும்பாலும் அன்றைக்கோ ஓரிரு நாட்களிலோ வீடு திரும்பிவிடுகிறார். அப்போது அவருடைய வாயில் புண் எதுவும் இருப்பதில்லை. ஐந்தாறு நாட்கள் கழிந்த பின்னரே நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் எரிச்சல் தோன்றுகின்றது. நன்கு சமைத்த உணவும் மண்ணைப்போலவோ துருப்பிடித்த இரும்பைப்போலவோ சுவைக்கின்றது. தொல்லை முற்றும் நாட்களில் அவர் மருத்துவமனைக்கு வெகுதொலைவில், தம் ஊரில் இருக்கின்றார். அந்நாட்களில் அவரைக் காண்போர் மருத்துவர் அல்லர். வீட்டாரும், கிராம சுகாதாரச் செவிலியரும், ஆஷா ஊழியரும், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியருமே ஆவர். ஆதலின் இப்பொருளைப்பற்றிய தெளிவான அறிவு இவர்களுக்கு இன்றியமையாததாகின்றது.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 14 இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் பலருக்குக் கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. வழக்கமான அளவில் இச்சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு 20 முதல் 40 பேர்வரை வாய்ப்புண் உண்டாவதாகக் கணக்கிட்டுள்ளனர். எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்கு முன் அளிக்கப்படும் மிகுந்த அளவு மருந்தில் இது 80 பேர்வரை உயர்கின்றது.

வாய்ப்புண் சிறு தொல்லைதானே என்று எண்ணிவிடலாகாது. உண்ண இயலாதவரின் எடை குறைகின்றது. எடை குறைந்தவரின் உடல் மருந்தைத் தாங்கும் வலிமையை இழக்கின்றது. அதன் பயனாக அடுத்த தவணை தள்ளிவைக்கப்படலாம், அல்லது மருந்தின் அளவு குறைக்கப்படலாம். குணப்படுத்தத்தக்க நோயில் தவணை தவறுவதும் அளவு குறைவதும் குணமடையும் வாய்ப்பையே பாதிக்கக்கூடும். சிலர் வாய் வேதனைக்கு அஞ்சி மருத்துவமனைக்கு மீண்டும் செல்லாமலே இருந்துவிடுகின்றனர். எனவே வாயைக் காப்பது சிகிச்சையைக் காப்பதற்கு ஒப்பாகும்.

1. மருந்து வாயைத் தாக்குவது ஏன்?

நம் உடலின் உயிரணுக்கள் யாவும் ஒரே வேகத்தில் பெருகுவன அல்ல. நரம்பு உயிரணுக்கள் பல, நம் வாழ்நாள் முழுவதும் மாறாமல் இருக்கின்றன. வாயின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வோ ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் முற்றிலும் புதுப்பிக்கப்படுகின்றது. நாம் மெல்லும் ஒவ்வொரு கவளமும் இச்சவ்வின் மேற்பரப்பைச் சிறிது தேய்த்து அகற்றுகின்றது. கீழடுக்கிலுள்ள உயிரணுக்கள் பிரிந்து பெருகி அக்குறையை நிரப்புகின்றன.

புற்றுநோய் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவன. பெருகும் உயிரணுவைத் தாக்குவதே கீமோதெரபி மருந்துகள் பலவற்றின் இயல்பு. பெருகுவது நோயின் உயிரணுவா, வாய்ச்சவ்வின் உயிரணுவா என்று அவை பகுத்தறிய மாட்டா. ஆதலின் தலைமயிரின் வேர், எலும்பு மஜ்ஜை, குடல், வாய் ஆகிய நான்கும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. மேலடுக்கு வழக்கம்போலத் தேய, கீழடுக்கிலிருந்து புதியன வாராமையால் சவ்வு மெலிந்து, சிவந்து, இறுதியில் புண்ணாகின்றது. பெருக்கம் நிற்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. மருந்தினால் ஊறுபட்ட திசுக்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து சேதத்தை மேலும் பெருக்குகின்றன.

மெத்தோட்ரெக்ஸேட், 5-ஃப்ளூரோயுராசில், டாக்ஸோரூபிசின் ஆகியவை வாய்ப்புண்ணை மிகுதியாக உண்டாக்கும் மருந்துகளுள் சில. சிஸ்பிளாட்டின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு முதலியவை சுவைமாற்றத்துக்குப் பேர்பெற்றவை. ஒரே மருந்தைப் பெறும் இருவருள் ஒருவருக்குப் புண் மிகுதியாகவும் மற்றவருக்குச் சிறிதுமின்றியும் இருக்கக்கூடும். புண் தோன்றாமையால் மருந்து வேலை செய்யவில்லை என்று கருதுதல் தவறு.

2. பம்பாயிலிருந்து தொடங்கிய ஒரு வரலாறு

இம்மருந்துகளுள் ஒருவகையின் வரலாறு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், நெசவாலைத் தொழிலாளரான கருவுற்ற பெண்களிடையே கண்ட கடுஞ்சோகையை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். ஈஸ்டின் சாறு அச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்து 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதற்கு இது இன்றியமையாதது.

பெருக்கத்துக்கு வேண்டிய சத்தைத் தடுத்துவிட்டால் கட்டுக்கடங்காத பெருக்கத்தையும் தடுக்கலாமன்றோ? ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் பணியாற்றிய எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுவினர், ஃபோலிக் அமிலத்தைப் போன்ற அமைப்புடையதும் அதன் வேலையைத் தடுப்பதுமான அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கினர். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இதனைக் கொடுத்துத் தற்காலிகமாக நோய் தணிவதை 1948இல் அறிவித்தார். அவ்வறிக்கையிலேயே வாய்ப்புண்ணும் இம்மருந்தின் தீய விளைவாகக் குறிக்கப்பட்டது. இன்று வழங்கும் மெத்தோட்ரெக்ஸேட் இதன் உடன்பிறப்பு.

இவ்வரலாற்றிலிருந்து ஊழியர் அறியவேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்றுண்டு. வாய்ப்புண் என்றதும் கடையில் 'பி காம்ப்ளெக்ஸ்' மாத்திரை வாங்கி விழுங்குவது நம் மக்களின் வழக்கம். அவற்றுள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் அடங்கியுள்ளது. அது மெத்தோட்ரெக்ஸேட்டின் செயலைக் குறைக்கக்கூடும். 5-ஃப்ளூரோயுராசில், கேபசிட்டபின் ஆகியவற்றின் நச்சுத்தன்மையையோ அது மேலும் பெருக்கக்கூடும். இம்மருந்துகளால் வரும் புண், உணவில் வைட்டமின் குறைந்ததால் வரும் புண் அன்று. ஆதலின் மருத்துவரைக் கேளாமல் எவ்வித வைட்டமின் மாத்திரையும் கொள்ளலாகாது. மருத்துவரே எழுதிக்கொடுத்த ஃபோலிக் அமிலத்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. சில மருந்துகளோடு அது கட்டாயம் கொடுக்கப்பட வேண்டியது.

3. புண்ணின் நாட்காட்டி

இத்தொல்லைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மருந்து ஏறிய நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ணினால், பெரும்பாலோர்க்கு அது பின்வருமாறு அமைகின்றது:

முதல் நான்கு நாட்கள்: வாயில் புண் இராது. குமட்டலும், சிலருக்கு உலோகச்சுவையும் இருக்கலாம்.

5 முதல் 10ஆம் நாள்: சிவப்பு, எரிச்சல், காரமும் சூடும் தாங்காமை, பின்னர்ப் புண்.

7 முதல் 14ஆம் நாள்: தொல்லை உச்சநிலையை அடைதல்.

14ஆம் நாளுக்குப் பின்: படிப்படியாக ஆறுதல். 21ஆம் நாளையொட்டிப் பெரும்பாலும் தழும்பின்றி ஆறிவிடுகின்றது.

பல சிகிச்சைகளில் 21 நாட்களுக்கு ஒருமுறை அடுத்த தவணை வருகின்றது. மருந்துக்கு மருந்து சிறிது வேறுபாடு உண்டெனினும், முதல் தவணையில் கண்ட ஒழுங்கே அடுத்த தவணைகளிலும் பெரும்பாலும் காணப்படும். ஆகவே ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் நாளையும், வாயின் நிலையையும், உண்ட உணவையும், வாரம் ஒருமுறை எடையையும் குறித்துவரச் செய்வது நற்பயன் தரும். எந்நாட்களில் கூழும் கஞ்சியும் வேண்டும், எந்நாட்களில் திட உணவை நிறைவாக உண்டு இழந்த எடையை மீட்கலாம் என்பது அக்குறிப்பால் முன்கூட்டியே தெரியும்.

இந்நாட்காட்டியில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. எலும்பு மஜ்ஜை தாக்கப்படுவதால் இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகக் குறைவதும் ஏறத்தாழ இதே 7 முதல் 14 நாட்களில்தான். வாயில் வாழும் கிருமிகள் உடலினுள் புகப் புண் ஒரு வாயிலாகின்றது. அவற்றைத் தடுக்கும் காவலரோ அப்போது குறைந்திருக்கின்றனர். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதே இப்புண்ணைச் சாதாரண வாய்ப்புண்ணினின்றும் வேறுபடுத்துகின்றது.

4. புண்ணை அளந்தறிதல்

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள அளவை எளியது. கருவி எதுவும் வேண்டாதது.

நிலை 0: மாற்றம் இல்லை.
நிலை 1: சிவப்பும் நோவும் உண்டு, புண் இல்லை.
நிலை 2: புண் உண்டு, திட உணவை உண்ண இயலும்.
நிலை 3: புண் உண்டு, நீராகாரம் மட்டுமே இயலும்.
நிலை 4: வாய்வழி எதுவும் உட்கொள்ள இயலாது.

நல்ல வெளிச்சத்தில், கைகளைச் சோப்பினால் கழுவியபின், உதடு, கன்னங்களின் உட்புறம், நாக்கின் மேலும் கீழும் பக்கங்களும், மேலண்ணம் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் செய்தி கூறும்போது "வாய் மிகவும் புண்ணாகியிருக்கிறது" என்பதைவிட, "இன்று ஒன்பதாம் நாள், நிலை 3, நேற்றுமுதல் கஞ்சி மட்டும்" என்று கூறுவது மருத்துவருக்கு மிக்க உதவியாகும்.

5. வாயைப் பேணும் முறை

சிகிச்சை தொடங்குமுன் பல்மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பற்களையும் கூரிய விளிம்புடைய பற்களையும் சரிசெய்துகொள்ளுதல் நன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலை வழக்கத்தால் முன்னரே புண்பட்ட வாய்கள் நம் நாட்டில் மிகுதி. இவர்களுக்கு இது இன்னும் முக்கியமாகும்.

பல் துலக்குதல்: மிக மென்மையான தூரிகையால் நாளைக்கு இருமுறை துலக்குக. தூரிகையை வெந்நீரில் சிறிது நேரம் நனைத்தால் மேலும் மென்மையாகும். அதுவும் தாங்காத நாட்களில் சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றித் துடைக்கலாம். வேப்பங்குச்சி, கரித்தூள், செங்கற்பொடி, உப்புப்பொடி ஆகியவை சவ்வைக் கீறுவன. இவற்றை அறவே விலக்குக. பொய்ப்பற்களை இரவில் கழற்றிவைத்தல் வேண்டும். புண் உள்ளபோது உணவுநேரத்துக்கு மட்டும் அணிவது நலம்.

வாய் கொப்பளித்தல்: கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் சமையல் சோடா ஒரு தேக்கரண்டியும், உப்பு அரைத் தேக்கரண்டியும் கரைத்துக்கொள்க. ஒவ்வோர் உணவுக்குப் பின்னரும், படுக்குமுன்னரும், புண் உள்ளபோது விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறையும் அரை நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புதல் வேண்டும், விழுங்கலாகாது. நாள்தோறும் புதிதாகத் தயாரித்துக்கொள்க. இந்நீர் புண்ணை ஆற்றும் மருந்தன்று. வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்து, புளிப்பையும் கெட்டிச்சளியையும் அகற்றுகின்றது. இதற்காகும் செலவு சில காசுகளே. கடையில் விற்கும் வாய்க்கழுவு நீர்களுள் மதுசாரம் கலந்தவை எரிச்சலைப் பெருக்கும்.

உதடுகள்: வாசலின் மெல்லிதாகத் தடவி வெடிப்பைத் தடுக்கலாம்.

பனிக்கட்டி: 5-ஃப்ளூரோயுராசில் மருந்தை விரைவூசியாகச் செலுத்தும்போது, ஐந்து நிமிடம் முன்தொடங்கி அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கி வைத்திருத்தல் புண்ணைக் குறைப்பதாக ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குளிரினால் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்குதலின் மருந்து அங்குக் குறைவாகவே சென்றடைகின்றது. ஆயினும் ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் மருந்தைப் பெறுவோர்க்குக் குளிர்ச்சியே தொண்டையில் இசிவையும் மரத்துப்போதலையும் உண்டாக்கும். எனவே மருத்துவமனையில் கேட்டே இதனைச் செய்தல் வேண்டும்.

வீட்டு மருந்துகள்: மணத்தக்காளிக் கீரையைக் கூட்டாகச் சமைத்து உண்பதில் தடையில்லை; பச்சை இலையை மெல்லுவது வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் தகாது. தேன், கதிர்வீச்சினால் வரும் வாய்ப்புண்ணில் பயன் தரக்கூடும் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மருந்தினால் வரும் புண்ணுக்கு அவ்வாறு நிறுவப்படவில்லை. படிகாரம், துத்தம் முதலியவற்றைப் புண்ணில் தடவுதல் தீங்கு. வலியை மரக்கச்செய்யும் களிம்பை மருத்துவர் கொடுத்திருப்பின், உண்பதற்குச் சற்றுமுன் தடவலாம். வாய் மரத்திருக்கும்போது சூடு தெரியாது. விழுங்கும்போது புரையேறவும் கூடும். ஆதலின் உணவை முன்னரே ஆறவைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, சிறிது சிறிதாக உண்ணல் வேண்டும்.

6. சுவை மாறுவது எவ்வாறு?

நாக்கில் சுவை அரும்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் அரும்பிலும் 50 முதல் 100 உயிரணுக்கள்வரை உண்டு. இவையும் சராசரியாகப் பத்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவன. ஆதலின் இவையும் மருந்தின் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. மேலும் உணவு உமிழ்நீரில் கரைந்தால்தான் சுவை தெரியும். உமிழ்நீர் குறைந்தால் சுவையும் குறையும். மருந்து சிலபோது இரத்தத்தின் வழியே வாயை அடைந்து தன் கசப்பைத் தானே காட்டுவதும் உண்டு. நாம் சுவை என்று பொதுவாகக் கூறுவதில் பெரும்பகுதி மணமேயாதலின், மணம் அறியும் ஆற்றல் மாறினும் உணவு வேறாகத் தோன்றுகின்றது.

நோயாளி "சாம்பாரில் உப்பில்லை" என்று ஒரு நாளும், "உப்புக் கரிக்கிறது" என்று மறுநாளும் கூறினால், அது பிடிவாதமன்று; அவருடைய நாக்கு உண்மையாகவே அவ்வாறு அறிவிக்கின்றது. சமைத்தவர் மனம் வருந்துகின்றார். வீட்டார் "எப்படியாவது சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துகின்றனர். நோயாளியோ குற்ற உணர்வோடு தட்டைத் தள்ளிவிடுகின்றார். ஊழியர் இவ்வீட்டில் செய்யக்கூடிய முதல் உதவி, "அம்மா, உங்கள் சமையலில் குறையில்லை; அவர் மீதும் குறையில்லை; மருந்தினால் நாக்கு மாறியிருக்கிறது, மீண்டும் சரியாகும்" என்று இரு சாராரும் கேட்கும்படி எடுத்துரைப்பதே. சிகிச்சை முடிந்த சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பெரும்பாலோர்க்குச் சுவை திரும்பிவிடுகின்றது.

7. உணவைத் திருத்தியமைத்தல்

வாயில் புண் உண்டா, இல்லையா என்பதை முதலில் காண்க. புண் இல்லாமல் சுவை மட்டும் மாறியிருக்கும்போது உதவும் பொருள்கள், புண் உள்ளபோது துன்பம் தருவன.

(அ) புண் இல்லாதபோது: உணவு சப்பென்றிருப்பின் எலுமிச்சை, நெல்லிக்காய், புதினா, கொத்தமல்லி, இஞ்சி, சீரகம் இவற்றால் சுவையூட்டலாம். உலோகச்சுவை தோன்றின் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பதில் பீங்கான் கிண்ணத்திலோ வாழையிலையிலோ பரிமாறி, மரக்கரண்டியாலோ கையாலோ உண்ணச் செய்க. இறைச்சி கசப்பாகத் தோன்றுமாயின், புரதத்துக்காக முட்டை, தயிர், பனீர், பருப்பு ஆகியவற்றை நாடலாம். இனிப்பு திகட்டினால் பாயசத்துக்குப் பதிலாக மோர், உப்புமா, பொங்கல் போன்றவை ஏற்கும். மணம் குமட்டினால், சமையலறைக்குத் தொலைவில் அமர்த்தி, ஆறிய உணவைக் கொடுக்க. சூடான உணவிலிருந்தே மணம் மிகுதியாக எழுகின்றது. உண்ணுமுன் சோடாவுப்பு நீரால் வாய் கொப்பளித்தல் கசப்பைச் சிறிது நீக்கும்.

(ஆ) புண் உள்ளபோது: மிளகாய், மிளகு, புளி, எலுமிச்சை, ஊறுகாய், தக்காளி, முறுக்கு, அப்பளம், காய்ந்த ரொட்டி ஆகியவற்றை விலக்குக. வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த மென்மையான உணவே ஏற்றது. தென்னாட்டில் குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்டலி, கேழ்வரகுக் கூழ்; வடநாட்டில் காரமில்லாத கிச்சடி, பாலில் வெந்த கோதுமை ரவை; பீகாரிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் சத்துமாவுக் கரைசல்; கேரளத்தில் பயறு சேர்த்த கஞ்சி என ஒவ்வொரு பகுதியின் வழக்கிலும் இதற்குத் தக்க உணவு உண்டு. நோயாளிக்குப் பழகிய உணவையே மென்மைப்படுத்துக. விலையுயர்ந்த மாவுகளை வாங்கவேண்டும் என்பதில்லை. மருந்தோடு வயிற்றுப்போக்கும் இருப்பின் பாலைச் சில நாட்கள் நிறுத்தி, தயிரும் மோரும் கொடுத்துப் பார்க்கலாம்.

நீர்க்கஞ்சி மட்டும் போதாது என்பதை வீட்டாருக்குக் கணக்கிட்டுக் காட்டுதல் வேண்டும். புற்றுநோயாளி ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம்வரை புரதமும் வேண்டும் என்பது பொதுவான அளவு. 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமுமாகும். 30 கிராம் அரிசியில் காய்ச்சிய நீர்க்கஞ்சி ஒரு கிண்ணம் ஏறத்தாழ 105 கலோரியும் 2 கிராம் புரதமும் மட்டுமே தருகின்றது. அதே கஞ்சியில் பாசிப்பருப்பு 15 கிராம் (50 கலோரி, 3.5 கிராம் புரதம்), நெய் 5 கிராம் (45 கலோரி), பால் 100 மில்லிலிட்டர் (65 கலோரி, 3 கிராம் புரதம்) சேர்ப்பின், ஏறத்தாழ 265 கலோரியும் 8.5 கிராம் புரதமும் கிடைக்கும். விழுங்கவேண்டிய அளவு சிறிதே கூடுகின்றது, பயனோ பன்மடங்காகின்றது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. நன்கு வேகவைத்து மசித்து இக்கஞ்சியிலேயே கலந்துவிடலாம். மூன்று வேளைப் பெருந்தட்டைவிட, இரண்டு மணிக்கு ஒருமுறை சிறு கிண்ணம் என ஆறேழு வேளையாகக் கொடுத்தலே நலம். சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ளவர்க்கு மருத்துவர் கூறும் அளவே அளவு.

இங்குப் பத்தியம் என்னும் வழக்கத்தைப்பற்றி ஒரு சொல். புற்றுநோயாளிக்குப் பால் ஆகாது, முட்டை ஆகாது, பருப்பு ஆகாது என்று அக்கம்பக்கத்தார் கூறுவதைக் கேட்டு, மெலிந்தவரை மேலும் மெலியவைப்போர் பலர். மருத்துவர் விலக்காத எதையும் இவ்வாறு விலக்குதல் தவறு. விலக்கவேண்டியவை சுத்தமற்றவையே: காய்ச்சாத பால், தெருவோர வெட்டுப்பழம், இரவு மிஞ்சிய உணவு, பழைய சோறு, கொதிக்கவைக்காத நீர் ஆகியன.

8. உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பினும் மறுநாள்வரை காத்திருத்தல் கூடாது:

(1) உடல் வெப்பம் 38 டிகிரி சென்டிகிரேடு, அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட்டு, அல்லது அதற்கு மேல். அல்லது நடுக்கத்தோடு குளிர். வெள்ளணுக்கள் குறைந்த நாட்களில் காய்ச்சல் ஒன்றே சீழில்லாத பெருந்தொற்றின் ஒரே அடையாளமாக இருக்கலாம். வெப்பத்தை அளக்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடலாகாது.

(2) ஒரு நாள் முழுவதும் நீரும் பருகவியலாமை, சிறுநீர் மிகக் குறைதல், தலைசுற்றல்.

(3) வாயிலிருந்து நிற்காத இரத்தக்கசிவு.

(4) மூச்சுவிடவோ உமிழ்நீரை விழுங்கவோ துன்பம்.

நாக்கிலும் கன்னத்திலும் தயிர்த்திட்டுப்போல வெண்படலம் தோன்றினால், அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மருத்துவர் தரும் பூஞ்சை மருந்தினால் விரைவில் குணமாகும். காலந்தாழ்த்தாமல் காட்டுதல் வேண்டும்.

வீட்டிலேயே மாத்திரையாக மருந்து உட்கொள்வோரைத் தனியே கவனித்தல் வேண்டும். கேபசிட்டபின் உட்கொள்பவருக்கு உண்ண இயலாத அளவுக்கு வாய்ப்புண் தோன்றினால், அடுத்த மாத்திரையை விழுங்குமுன் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுதல் வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, மூட்டுவாதத்துக்கும் தோல்நோய்க்கும் வாரம் ஒருமுறை மட்டும் கொடுக்கப்படுகின்றது. அதனைத் தவறாக நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோரும் உளர். அத்தவற்றை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வாய்ப்புண்ணே. வாய் முழுதும் புண்ணான ஒருவரைக் காணும்போது, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நாள்தோறுமா, வாரம் ஒருமுறையா?" என்று கேட்டறியும் ஊழியர் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.

9. ஆசிரியர்களுக்கு

வகுப்பறையில் இப்பாடத்தை ஓர் எளிய சோதனையால் தொடங்கலாம். ஏலக்காய்ப்பொடி கலந்த வெல்லத்துண்டு ஒன்றை, மாணவர் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயிலிடட்டும். இனிப்பு மட்டுமே தெரியும். மூக்கை விட்டவுடன் ஏலக்காயின் மணம் புலப்படும். சுவையில் நாக்கின் பங்கும் மூக்கின் பங்கும் வெவ்வேறு என்பதை மாணவர் தாமே அறிவர்.

நாக்கின் நுனியில் இனிப்பு, பின்புறத்தில் கசப்பு என்று தனித்தனி இடங்களைக் காட்டும் படம் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 1901இல் ஹேனிக் என்னும் ஜெர்மானியர், நாக்கின் பகுதிகளிடையே உணர்திறனில் சிறு வேறுபாடுகள் உள்ளன என்று கண்டதைப் பின்வந்தோர் பிறழ உணர்ந்ததால் விளைந்தது இப்படம். அரும்புகள் உள்ள எவ்விடத்திலும் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்து அடிப்படைச் சுவைகளும் உணரப்படுகின்றன. உமாமி என்பது 1908இல் ஜப்பானியரான இக்கேதா கண்டு பெயரிட்டது.

வகுப்பில் ஒரு பிள்ளையின் தாயோ தந்தையோ இச்சிகிச்சையில் இருக்கலாம். வீட்டில் உணவுவேளை வருத்தத்துக்குரியதாகிவிட்டதன் காரணம் அப்பிள்ளைக்குப் புரிந்திராது. நோய் தொற்றாது, ஒரே வீட்டில் உண்பதாலும் அருகில் அமர்வதாலும் தீங்கில்லை, தாய் உண்ணாதது கோபத்தாலன்று என்னும் மூன்றையும் ஆசிரியர் அன்போடு எடுத்துரைத்தால் போதும். நாட்குறிப்பு நோட்டில் கோடு போட்டு எடையையும் உணவையும் குறிக்கும் பொறுப்பைச் சற்று மூத்த பிள்ளைகள் ஆர்வத்தோடு ஏற்பர்.

தொகுப்பு

வாய்ப்புண்ணும் சுவைமாற்றமும் மருந்தின் இயல்பான விளைவுகள். நோய் முற்றியதன் அடையாளம் அல்ல. அவை எதிர்பார்த்த நாளில் வந்து, பெரும்பாலும் எதிர்பார்த்த நாளில் நீங்குவன. சோடாவுப்பு நீர், மென்மையான தூரிகை, வலுவூட்டிய கஞ்சி, ஒரு நாட்குறிப்பு, ஒரு வெப்பமானி ஆகிய ஐந்தும் எளிய குடும்பத்துக்கும் எட்டக்கூடியவை. மருந்து ஏறிய ஐந்தாம் நாளில் ஊழியர் ஒருமுறையும், பத்தாம் நாளில் மற்றொரு முறையும் அவ்வீட்டுக்குச் செல்வாராயின், அடுத்த தவணைக்கு அந்நோயாளி உரிய நாளில் உரிய எடையோடு சென்றடையப் பெரிதும் துணைபுரிந்தவராவார்.

பயிற்சி வினாக்கள்

1. வாய்ச்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் ஒரே காலத்தில் பாதிக்கப்படுவது ஏன்? இதனால் விளையும் ஆபத்து யாது?

2. ஒருவருக்கு இம்மாதம் 3ஆம் தேதி மருந்து செலுத்தப்பட்டது. எத்தேதிகளில் அவருடைய வாயை நீங்கள் தவறாது பார்ப்பீர்கள்?

3. எலுமிச்சைச்சாறு எந்நிலையில் உதவும்? எந்நிலையில் தீங்கு செய்யும்?

4. உங்கள் ஊர் வழக்கிலுள்ள மென்மையான உணவு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அளவை மிகுதியாகக் கூட்டாமல் கலோரியையும் புரதத்தையும் இருமடங்காக்கும் வழியை எழுதுக.

5. வாய்ப்புண் உள்ள நோயாளிக்குக் கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிக்கொடுத்த உறவினருக்கு என்ன விளக்கம் கூறுவீர்கள்?